எடை நின்றுபோன பிள்ளையை யார் பார்ப்பது?

அரசுப் பெயர்ப்பலகையில் ‘ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள்’ என்று இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் வழி கேட்டால் ஆட்கள் விழிப்பார்கள். பால்வாடி எங்கே என்றால் சின்னப் பிள்ளையும் கைநீட்டும். பால்வாடியில் உள்ள ‘பால்’ நாம் குடிக்கிற பால் இல்லை. பாலர் என்கிறோமே, அந்தப் பால். மராத்தி வழியாக வந்த சொல். ஆனால் தமிழ்க் காதில் அது குடிக்கிற பாலாகத்தான் விழுந்தது. பிள்ளைக்கு ஏதோ வாயில் போடக் கொடுக்கும் இடம் என்று ஊர் புரிந்துகொண்டது. தப்பாகக் கேட்ட காது ஒரு வகையில் சரியாகவே கேட்டிருக்கிறது. இந்த ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கட்டிடத்திலிருந்து பெரும்பாலும் தவறாமல் வந்தது சாப்பாடுதான். பலகையில் இருக்கும் ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் திட்டம் தொடங்கியது. ஆறு சேவைகள் என்று வகுத்தார்கள்: கூடுதல் ஊட்டம், முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கான சுகாதார–ஊட்டச்சத்துக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல். முதல் மூன்றும் பெரும்பாலும் அங்கன்வாடி, அதாவது பால்வாடிப் பணியாளரின் பொறுப்பு. பின் மூன்றும் சுகாதாரத் துறையின் கையில். ஆக, திட்டம் பிறக்கும்போதே நடுவில் ஒரு தையல் இருந்தது. அது பிரியாமல் நின்றதா என்பதைத்தான் திட்டத்தின் வெற்றிதோல்வியாக நான் எடுத்துக்கொள்கிறேன். எத்தனை மையம் திறந்தார்கள், எத்தனை பேர் பயனாளிகள் என்ற கணக்கு வேறு. அதில் தமிழ்நாடு எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கும். 54,439 மையங்கள் இங்கே உண்டு.

தையலைச் சோதிக்க ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். பதினாலு மாதம். இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. அம்மா களையெடுக்கப் போகிறாள், பாட்டி பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. பார்த்தால் சும்மா மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். எடை நின்றுபோனதை முதலில் கவனிப்பவர் யார்? கவனித்தவர் யாரிடம் சொல்வார்? கேட்டவர் எத்தனை நாளில் அந்த வீட்டுப் படியேறுவார்? அங்கே என்ன செய்தார் என்பது முதலில் கவனித்தவருக்குத் திரும்பத் தெரியவருமா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் இருந்தால் அது ஒருங்கிணைப்பு. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள்தான் வளர்ச்சி பெரும்பாலும் சறுக்குகிறது. அந்த வயதைத் தாண்டிவிட்டால், இழந்த உயரத்தை முழுக்க மீட்பது கடினம். மூன்று வயதில் மையத்துக்கு நடந்துவரும் பிள்ளைக்குச் சோறும் முட்டையும் போடுவது நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள் பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

அங்கன்வாடி என்ற சொல்லில் அங்கன் என்றால் முற்றம். கல்வியாளர் தாராபாய் மோடக் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் பிறகு கோஸ்பாடு மலையிலும் பழங்குடிப் பிள்ளைகளுக்காக வேலை செய்தபோது, பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார். சொல் அங்கிருந்து வந்தது. அரசு சொல்லை எடுத்துக்கொண்டது. முற்றத்தைத் திருப்பிப் போட்டுக் கட்டிடமாக்கியது. மையத்துக்கு வருகிற வயதுப் பிள்ளைக்கு அது போதும். பதினாலு மாதப் பிள்ளை வராது.

என்னுடைய சோதனையில் கிட்டத்தட்டத் தேறிய ஒரு திட்டம் தமிழ்நாட்டில் இருந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அதன் பெயரிலும் அதே சொல்! ஆனால் இது அதிகம் ஆசைப்படாத திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மட்டும் பார்த்தது. மாதாமாதம் எடை போட வேண்டும், அட்டையில் புள்ளி வைக்க வேண்டும், அந்தக் கோட்டை அம்மாவிடம் காட்ட வேண்டும். கோடு கீழே சாய்ந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் 90 நாள் லட்டுபோல் பிடித்த சத்துருண்டை. தேறினால் நிறுத்திவிடுவார்கள், தேறாவிட்டால் சுகாதாரப் பணியாளரிடம் அனுப்புவார்கள். 1,500 மக்களுக்கு ஓர் ஊட்டச்சத்துப் பணியாளர், பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். பல ஆண்டுகள் கழித்து இந்தத் திட்டத்தின் நிர்வாகத்தை அலசி எழுதிய ரிச்சர்ட் ஹீவர் எடுத்துக்காட்டியதும் இதைத்தான்: வேலைகள் சில, அவற்றின் அன்றாட வரிசை தெளிவு, மேற்பார்வை நெருக்கம். கடுமையான ஊட்டக்குறைவு திட்ட வட்டாரங்களில் கண்கூடாகக் குறைந்தது.

என் நான்கு கேள்விகளில் முதல் இரண்டுக்கும் அங்கே பதில் இருந்தது. மூன்றாவதில் தடுமாறியது. ஊட்டச்சத்துப் பணியாளர் அனுப்பிய பிள்ளையைச் சுகாதாரப் பக்கம் வாங்கிக்கொண்டு கவனித்தது குறைவு. கிராம நர்ஸம்மாவின் பொழுது குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளில் கரைந்த காலம் அது. இன்னொரு குறையும் உண்டு. பிள்ளை தேறியவுடன் உருண்டையை நிறுத்துவது திட்டக்காரருக்குத் தர்க்கம். அம்மாவுக்கு அது விளங்காது. நன்றாக வளர்த்ததற்குத் தண்டனையா என்று அவள் நினைத்தால் அதைத் தவறு என்று எப்படிச் சொல்வது?

1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து பள்ளிப் பிள்ளைவரை மதியம் சூடான சாப்பாடு. கஜானா தாங்குமா என்று பொருளாதாரம் பேசியவர்கள் பேசினார்கள். அவர்கள் கணக்கு தப்பு என்பதைப் பின்னால் நாடே ஒப்புக்கொண்டது. சாப்பாடு என்பது யாரும் கைவைக்க முடியாத உரிமையாக ஊன்றியது அந்தத் திட்டத்தால்தான். அடுத்து வந்த எந்த ஆட்சியும் முட்டையைக் கூட்டியதே தவிர சோற்றைக் குறைக்கவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் எதிர்ப்பக்கத்தை எழுதுகிறேன். சத்துணவு வந்ததும் அரசின் கண் இரண்டு வயதுக்கு மேலே போய் நின்றது. வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் ஐம்பது பிள்ளைகள் புகைப்படத்தில் விழுவார்கள். வேப்பமரத்தடியில் தராசுக் கொக்கியில் தொங்கி அழுகிற ஒரு கைப்பிள்ளை எந்த மேடைக்கும் ஏறாது. ஒரே ஊரில் மூன்று வயதுவரை ஒரு மையம், இரண்டு வயதுக்கு மேல் இன்னொரு மையம் என்று இரண்டு அடுப்பு எரிந்த காலமும் உண்டு. ஊட்டச்சத்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1997-இல் முடிந்து, எல்லாம் ஐசிடிஎஸ் என்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகளில் கரைந்தது. தராசு மறைந்துவிடவில்லை. அதைப் பிடித்த கையின்மேல் இன்னும் இருபது வேலை ஏறியது.

அதன் விளைவை எண்களில் பார்க்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. 12 முதல் 23 மாதப் பிள்ளைகளில் 89.2 சதவீதத்தினருக்குத் தடுப்பூசி முழுமை. நான்கைந்து ஆண்டுக்கு முன் அது 69.7. அசத்தலான ஏற்றம். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லை. முந்தைய சுற்றில் 27.1. இரத்தசோகை 50.7-லிருந்து 57.4-க்கு ஏறியிருக்கிறது. விரல்நுனி இரத்தத்தை எடுத்துப் பார்க்கும் முறை சோகையைக் கூட்டிக் காட்டுகிறது என்ற விமர்சனம் உண்டு, நியாயமானதே. ஆனால் இரண்டு சுற்றிலும் அதே விரல்நுனிதான். கொரோனாக் காலம் இடையில் புகுந்ததையும் கணக்கில் எடுக்கலாம். எடுத்தபிறகும் ஒன்று எஞ்சுகிறது. பிரசவத்தையும் தடுப்பூசியையும் சுகாதாரத் துறை தனியாகச் செய்து முடித்துவிடலாம். அங்கே நாம் கொடிகட்டிப் பறக்கிறோம். உயரமும் இரத்தமும் அப்படியல்ல. சோறு ஒரு துறையிடம், பூச்சிமருந்தும் இரும்புச்சத்துச் சிரப்பும் இன்னொரு துறையிடம், குடிதண்ணீரும் கழிப்பறையும் மூன்றாவதிடம், அம்மாவின் வேலைநேரம் எந்தத் துறையிடமும் இல்லை. இரண்டு கை சேர வேண்டிய இடங்களிலெல்லாம் எண் மெல்ல நகர்கிறது, அல்லது பின்னுக்குப் போகிறது.

சேர்க்க முயலவில்லையா என்றால், முயலாத ஆண்டே இல்லை. 2018 மார்ச்சில் தொடங்கிய மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கமான போஷன் அபியான் ஒருங்கிணைப்பையே மூலமந்திரமாக வைத்தது. மாவட்டத்துக்கு ஒரு குழு, வட்டாரத்துக்கு ஒரு குழு என்று அமைத்தது. குழுக்கள் கூடும், குறிப்பு எழுதப்படும், தேநீர் வரும். நான் குறைசொல்வது குழுவை அல்ல. குழுவில் உட்காரும் எவருக்கும் அடுத்தவர் துறைப் பணத்தில் ஒரு ரூபாய்மேல்கூட அதிகாரம் இல்லை என்பதை. சிலி நாட்டில் வேறுமாதிரி செய்தார்கள். குழந்தை மருத்துவரான மிச்செல் பாச்செலட் அதிபராக இருந்தபோது, 2007-இல் 159 நகராட்சிகளில் தொடங்கி அடுத்த ஆண்டே நாடெங்கும் விரித்த ‘சிலே க்ரேசே கொன்டீகோ’ திட்டத்தில் பணம் திட்டமிடல் அமைச்சகத்திடம் இருந்தது. இன்னின்ன வேலையை இவ்வளவு செய்வேன் என்று ஒப்பந்தம் போட்டுச் சுகாதார அமைச்சகம் அதை வாங்கிக்கொண்டது. 2009-இல் அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். அம்மா அரசு மருத்துவமனையில் முதல்முறை கர்ப்பப் பரிசோதனைக்கு வந்த அன்றே பிள்ளையின் கணக்கு தொடங்கிவிடும். சிலி சின்ன நாடு, நம்மைவிடப் பணக்கார நாடு. அப்படியே எடுத்துவந்து இங்கே நட முடியாது. ஆனால் ஒரே பட்டியல், அந்தப் பட்டியலோடு கட்டிய பணம் என்ற இரண்டும் நாட்டின் அளவைப் பொறுத்தவை அல்ல.

அந்தப் பட்டியலின் முதல் பாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். கர்ப்பம் உறுதியானவுடன் கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி கணினிப் பதிவில் ஏற்றுகிறார். அந்த எண் இருந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய்க்கு வழி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். ஆகவே விடுபடுபவர் அநேகமாக இல்லை. அங்கன்வாடிப் பணியாளரோ 2021 மார்ச்சிலிருந்து மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலியில் அதே பெண்ணை, அதே பிள்ளையைத் தனியாக ஏற்றுகிறார். ஒரு செயலியில் பிறக்கும் பிள்ளைக்கு இன்னொன்றில் எடை போடுகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். புகுந்த ஊரில் பதிவான பெண் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவாள். பிள்ளையோடு திரும்ப மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும். இரண்டு ஊர், இரண்டு நர்ஸம்மா, இரண்டு பால்வாடி டீச்சர், இரண்டு செயலி. திட்டம் வகுத்தவர்கள் வீட்டிலும் இதே வழக்கம் இருந்திருக்கும். செயலிக்குள் மட்டும் அது வரவில்லை. இப்போது சத்துமாவு வாங்க அம்மாவின் முகத்தைச் செயலி அடையாளம் கண்டாக வேண்டும் என்றும் ஆகியிருக்கிறது. மாவு சரியான கைக்குப் போயிற்றா என்று அறிய அது உதவும். பதினாலு மாதப் பிள்ளையின் எடை ஏறிற்றா என்று நர்ஸம்மாவுக்குத் தெரிவிக்க உதவாது.

ஒன்றை மனமாரப் பாராட்ட வேண்டும். 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம். அங்கன்வாடியில் எடையும் உயரமும் எடுத்து, மெலிந்த பிள்ளைகளைப் பிரித்து, மருத்துவர் பரிசோதித்து, கடுமையானவர்களுக்குத் தனி உணவு கொடுத்தார்கள். என் நான்கு கேள்வியும் ஒரே ஓட்டத்தில் அதற்குள் இருந்தன. 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. இரண்டு துறையும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கட்டம் கட்டமாக வருவதே அதன் குறையும்கூட. பிள்ளை இளைப்பது கட்டம் பார்த்து இல்லை. அது மாதாமாத வேலை.

மூன்று வயதுக்கு மேலே வந்தால் இழுபறி பள்ளிக் கல்வித் துறையோடு. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். பாடம் நடத்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பியதும் வழக்கு வந்தது. 2022-இல் அவர்களைத் திரும்ப அழைத்து, பிள்ளைகளை அங்கன்வாடியிடமே விடுவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை வைத்துத் தொடர்ந்தார்கள். அதே ஆண்டு வந்த முதலமைச்சரின் காலை உணவு, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு. ஒரே வளாகம், அண்ணனுக்கு உப்புமா உண்டு, தம்பி வேறு துறை.

இனி, எனக்கு மிக வலுவாகத் தோன்றும் சான்று. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று ஓர் அரைநேரப் பணியாளரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வேறெதையும் மாற்றவில்லை. பாடநேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணிதத்தில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் முன்னேற்றம். கல்வி ஆய்வுகளில் இது பெரிய அளவு. இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அந்த மையங்களில் வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்திருந்தன என்பது. புதிதாக ஒரு கைப்பிடி மாவு கூடக் கொடுக்கவில்லை. பாட்டும் கதையும் இன்னொருவர் பார்த்துக்கொண்டதால் பழைய பணியாளருக்குத் தராசுக்கும் தாய்மாருக்கும் நேரம் கிடைத்தது.

இந்த ஆய்வு ‘ஒருங்கிணைப்பு இல்லை’ என்ற நம் புலம்பலையே இடம்மாற்றி வைக்கிறது. துறைகள் பேசிக்கொள்வதில்லை என்கிறோம். பேச வேண்டிய பெண்ணுக்கு நேரமில்லை என்பது அதற்கு முந்தைய சிக்கல். காலையில் பிள்ளைகளைக் கூட்டி, ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தின்படி பாட வைத்து, சாப்பாடு மேற்பார்த்து, செயலியில் ஏற்றி, கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடி, மீதி நேரத்தில் வீடு வீடாகப் போ என்றால் எது கழன்று விழும்? யாரும் பார்க்காதது விழும். வீட்டுப் படியேறுவதுதான் யாரும் பார்க்காத வேலை.

மறுப்புகளைக் கேட்போம். ஆளைக் கூட்டினால் செலவு என்பார்கள். கிடைக்கும் பலன் செலவைப்போலப் பல மடங்கு என்று அந்த ஆய்வே கணக்கிட்டிருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறொரு மறுப்பு: இது மலிவான பெண் உழைப்பில் இன்னொரு அடுக்கு ஏற்றுவதாகாதா? ஆகும், இப்போதுள்ள விதத்தில் செய்தால். ஓர் அங்கன்வாடிப் பணியாளருக்கு 2018-இலிருந்து மத்திய அரசின் கணக்கு மாதம் 4,500 ரூபாய். அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். மாநிலம் மேலே போட்டுத் தருவதால் தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் மேல். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது ஆளையும் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியக்காரராக வைத்தால் ஐந்து வருடத்தில் அவர் மேலும் இருபது வேலை ஏறும். ஆகவே ஆள் வேண்டும் என்பதும் முறையான பதவியில் வேண்டும் என்பதும் ஒரே கோரிக்கை. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடுவதற்கு என் ஆதரவு இல்லை.

பராமரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை ஏற்பாட்டிலும் வேலைக்குப் போகும் அம்மாவின் கைப்பிள்ளைக்கு இடமில்லை. தேயிலைத் தோட்டங்களில் 1951 சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. நூறுநாள் வேலைத் திட்டச் சட்டமும் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வேலையிடத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைக்கச் சொன்னது. ஏரிக்கரைப் புளியமரத்தில் தூளிகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கென்று ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது குறைவு.

என் தீர்ப்பு இது. தமிழ்நாட்டில் சிசுப்பருவச் சேவைகள் உண்டு, பல மாநிலங்களைவிட நன்றாகவே உண்டு. அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு இன்னும் இல்லை. புதிய துறையோ புதிய செயலியோ அதைத் தராது. கர்ப்பத்தில் தொடங்கும் சுகாதாரத் துறைப் பட்டியலையே முதுகெலும்பாக வைத்து, அங்கன்வாடிக்கு அதைத் திறந்துவிட வேண்டும். மாதம் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளன்று, நர்ஸம்மாவும் டீச்சரும் அதே பட்டியலை எதிரெதிரே உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஒரு பணியாளர், மேலுள்ளோருக்கு ஒரு பணியாளர். இதில் ஒன்றைத்தான் இப்போது செய்ய முடியும் என்றால், ஆளைத் தேர்ந்தெடுப்பேன். பட்டியலை அவர்கள் நோட்டில்கூட வைத்துக்கொள்வார்கள்.

அந்த ஆளை எல்லா மையத்துக்கும் ஒரே நாளில் அனுப்ப முடியாது என்றால் எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. மொத்த மையங்களில் 4,940 குறு மையங்கள். சிற்றூர்களுக்கும் மலைக் குக்கிராமங்களுக்கும் என்று வகுத்தவை. வகுத்தபோதே அங்கே ஆயா கிடையாது. டீச்சர் ஒருவரே அடுப்பு மூட்டி, பாட்டுச் சொல்லி, எடை போட வேண்டும். அங்கே எடை நின்றுபோன பிள்ளையைப் பார்க்க அவர் கிளம்பினால் மையத்தைப் பூட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.